7. ஆக்கப் பொறுத்தல்: ஸ்லோ குக்கரில் சிக்கன் நூடுல் சூப்

அமெரிக்காவில் எனக்கு அது முதல் குளிர்காலம். காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கோழி, கேரட், வெங்காயம், தண்ணீர், ஒரு பொட்டலம் நூடுல்ஸ் என எல்லாவற்றையும் ஸ்லோ குக்கரில் கொட்டி, மூடியைப் போட்டு, குமிழைத் திருப்பிவிட்டுப் போய்விட்டேன். மாலை ஆறு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்ததுமே வாசனை வாசல்வரை வந்து வரவேற்றது. குக்கரின் மூடியைத் திறந்தால் உள்ளே சூப்பைக் காணோம். கரண்டி சாயாமல் நின்றது. கூழும் இல்லை, களியும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று.

சேமியா பாயசம் வைத்துப் பழகிய கைக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். இறக்கும்போது தளதளவென்று இருக்கும் பாயசம், அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பால் முழுவதையும் குடித்துவிட்டு இறுகிக் கிடக்கும். நூடுல்ஸும் அதே சாதிதான். பதினோரு மணி நேரம் கோழிச் சாற்றில் ஊறப்போட்டால் அது வேறென்ன செய்யும்?

அன்று கற்றதைத்தான் இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லப்போகிறேன். இந்த சூப்பில் காத்திருக்கத் தெரிந்த பொருள்கள் உண்டு. காத்திருக்கத் தெரியாத பொருள்களும் உண்டு. எலும்போடு கூடிய தொடைக்கறி, கேரட், வெங்காயம், மிளகு, இலைகள் எல்லாம் முதல் வகை. நூடுல்ஸ், பார்ஸ்லி, எலுமிச்சைச் சாறு இரண்டாம் வகை. எதை எப்போது போடுவது என்று தெரிந்துவிட்டால் மிச்ச வேலையைப் பாத்திரம் பார்த்துக்கொள்ளும்.

பாத்திரத்தின் பூர்வீகம்

ஸ்லோ குக்கர் என்பது எளிய அமைப்பு. வெளியே ஓர் உலோகக் கூடு. அதன் சுவரைச் சுற்றி மின்சாரத்தில் சூடாகும் கம்பி. உள்ளே கனமான பீங்கான் பாத்திரம். மேலே கண்ணாடி மூடி. பலர் இதைக் 'கிராக்பாட்' என்றே சொல்வார்கள். அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர், நகலெடுப்பதை 'ஜெராக்ஸ்' என்று நாம் சொல்வதுபோல நிலைத்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்தவர் இர்விங் நாக்சன் என்ற அமெரிக்க யூதர். அவருடைய தாய்வழிக் குடும்பம் லித்துவேனியாவிலிருந்து வந்தது. யூதர்களுக்கு சனிக்கிழமை ஓய்வு நாள்; வெள்ளி மாலை சூரியன் மறைந்தபின் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் இறைச்சி, பீன்ஸ், தானியம் கலந்த பானையை வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்பே ஊர் ரொட்டிக் கடைக்குக் கொண்டுபோய், அணைந்துகொண்டிருக்கும் அடுப்பில் வைத்துவிடுவார்கள். இரவெல்லாம் மிச்சச் சூட்டில் வெந்து, மறுநாள் எடுக்கும்போது பக்குவமாக இருக்கும். 'சோலண்ட்' என்பது அந்த உணவின் பெயர். ஊரில் இதைப் பார்த்து வளர்ந்த தாய் சொன்ன கதையிலிருந்துதான் மின்சாரப் பானையின் யோசனை மகனுக்குப் பிறந்தது. 1940இல் காப்புரிமை கிடைத்தது. ரைவல் என்ற நிறுவனம் 1970இல் அவருடைய தொழிலை வாங்கி, அடுத்த ஆண்டே 'கிராக்பாட்' என்று பெயர் சூட்டிக் கடைக்குக் கொண்டுவந்தது. பெண்கள் பெருமளவில் அலுவலகம் போகத் தொடங்கிய காலம் அது. காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் சாப்பாடு தயார் என்ற வாக்குறுதிக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் அமைந்திருக்காது.

ஆக, ஆள் பக்கத்தில் இல்லாமல் சமைக்க என்றே பிறந்த பாத்திரம் இது. இந்தப் பூர்வீகத்தை நினைவில் வைத்தால், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது புரியும்.

பிரஷர் குக்கர் கைக்குச் சில மறதிகள்

நம் கை பிரஷர் குக்கருக்குப் பழகிய கை. விசில் எண்ணிச் சமைப்போம். பிரஷர் குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ்வரை ஏறும். ஸ்லோ குக்கர் எவ்வளவு நேரம் ஓடினாலும் கொதிநிலையைத் தாண்டாது. பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழேயே நிற்கும். ஆகவே சில பழக்கங்களை மறக்க வேண்டும்.

முதலாவது, மூடியைத் திறந்து பார்ப்பது. ஒரு முறை திறந்தால் சேர்த்துவைத்த ஆவியெல்லாம் போய்விடும். இழந்த சூட்டை மீட்க அதற்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். கிளறவும் தேவையில்லை, சுவரெல்லாம் சூடு சீராகப் பரவுவதால் அடிப்பிடிக்காது. கண்ணாடி மூடி எதற்காக இருக்கிறது? வெளியிலிருந்தே பார்ப்பதற்குத்தான்.

இரண்டாவது, தண்ணீர் வற்றும் என்று எண்ணிக் கூடுதலாக ஊற்றுவது. இங்கே வற்றாது. மேலெழும் ஆவி மூடியில் பட்டுத் துளியாகி மீண்டும் உள்ளேயே விழும். காய்கறியும் கோழியும் தம் பங்குக்கு நீர் விடும். எவ்வளவு சூப் வேண்டுமோ அவ்வளவே ஊற்றுங்கள்.

மூன்றாவது, 'லோ', 'ஹை' என்ற இரண்டையும் சிறுதீ, பெருந்தீ என்று எண்ணுவது. பெரும்பாலான மாடல்களில் இரண்டும் கடைசியில் எட்டும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். ஹை அதைச் சீக்கிரம் எட்டும், லோ நிதானமாக எட்டும். 'வார்ம்' என்பது வெந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டும். அதில் பச்சைக் கறியைப் போட்டுச் சமைக்க முயலாதீர்கள்.

நான்காவது, உறைந்த கோழியை அப்படியே போடுவது. பிரஷர் குக்கரில் தப்பிக்கலாம், இங்கே கூடாது. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். உறைந்த கறியைப் போட்டால் அந்த இடைவெளியைக் கடக்கவே பல மணி நேரம் பிடிக்கும். முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், ஒரு தட்டின்மேல் வைத்து உருகவிடுங்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில் வாங்கியது 120 வோல்ட் மின்சாரத்துக்கானது. ஊருக்குப் போகும்போது அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று பெட்டியில் வைத்து எடுத்துப் போகாதீர்கள். நம்மூர் 230 வோல்டில் நேரடியாகச் செருகினால் கெட்டுப்போகும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

*கோழி.* எலும்பும் தோலும் உள்ள தொடைக்கறி வாங்குங்கள். அமெரிக்கக் கடைகளில் பளிச்சென்று அடுக்கியிருக்கும் எலும்பில்லா நெஞ்சுக்கறியைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் கொழுப்பும் குறைவு, இணைப்புத் திசுவும் குறைவு. நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் நார் நாராகப் பிரிந்து, வாயில் சக்கையாக நிற்கும். தொடையில் கொலாஜன் அதிகம். நீண்ட நேரம் மெல்லிய சூட்டில் கிடந்தால் அது ஜெலட்டினாகக் கரையும். எலும்பைச் சுற்றியுள்ள குருத்தும் அப்படியே. உதட்டில் லேசாக ஒட்டும் அந்தப் பிசுபிசுப்பு, சூப்புக்குக் கனம் கொடுப்பது, அதிலிருந்துதான் வருகிறது. நம் ஊர் ஆட்டுக்கால் சூப்பின் ரகசியமும் இதுவே.

*காய்கள்.* வெங்காயம், கேரட், செலரி மூன்றும் அமெரிக்க சூப்பின் அடித்தளம். செலரி தண்டைப் புதிதாகப் பார்ப்பவர்கள் அதன் இலையைக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். எறியாதீர்கள், வாசம் இலையில்தான் அதிகம்.

*இலைகள்.* கடையில் 'பே லீஃப்' என்று விற்பதும் நம் பிரியாணியில் போடும் பிரிஞ்சி இலையும் ஒன்றல்ல. நம்முடையதில் நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடும். பட்டையும் கிராம்பும் கலந்த மணம். அவர்களுடையதில் நடுவே ஒரு நரம்புதான். மணமும் வேறு, சற்றே பச்சிலை வாசம். இந்த சூப்புக்கு அதுவே பொருந்தும். பிரிஞ்சி இலையைப் போட்டால் சாப்பிடும் ஒவ்வொரு வாயிலும் குஸ்கா நினைவுக்கு வரும்.

*நூடுல்ஸ்.* 'எக் நூடுல்ஸ்' என்ற பெயரில், தட்டையாக, அகலமாக, லேசாக முறுக்கிய வடிவில் பொட்டலமாக இருக்கும். கோதுமை மாவில் முட்டை சேர்த்துச் செய்தது. மசாலாப் பொட்டலத்தோடு வரும் இரண்டு நிமிட நூடுல்ஸ் இதற்கு உதவாது.

*சிக்கன் ப்ராத்.* அட்டைப் பெட்டியில் கிடைக்கும் கோழிச் சாறு. 'லோ சோடியம்' என்று எழுதியிருப்பதை எடுங்கள். சாதாரண வகையில் உப்பு தூக்கலாக இருக்கும். வற்றாத பாத்திரமாக இருந்தாலும் ஒருமுறை கூடிய உப்பைக் குறைப்பது எளிதல்ல.

தேவையானவை

ஆறு பேருக்கு, 6 குவார்ட் பாத்திரத்துக்கு, அதாவது ஏறத்தாழ 5.7 லிட்டர் அளவுக்கு:

- எலும்புள்ள கோழித் தொடை: சுமார் 1.1 கிலோ (ஆறு துண்டு)
- பெரிய வெங்காயம்: 1, பொடியாக நறுக்கியது
- கேரட்: 3, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வட்ட வட்டமாக
- செலரி: 3 தண்டு, இலையோடு
- பூண்டு: 4 பல், நசுக்கியது
- சிக்கன் ப்ராத்: 8 கப் (சுமார் 1.9 லிட்டர்)
- பே லீஃப்: 2
- காய்ந்த தைம்: அரைத் தேக்கரண்டி
- முழு மிளகு: 10, ஒன்றிரண்டாகத் தட்டியது
- வெண்ணெய்: 1 மேசைக்கரண்டி
- எக் நூடுல்ஸ்: 200 கிராம்
- பார்ஸ்லி: ஒரு கைப்பிடி, பொடியாக நறுக்கியது
- எலுமிச்சைச் சாறு: 1 மேசைக்கரண்டி
- உப்பு: கடைசியில், ருசி பார்த்து

பாத்திரம் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமலும் நிறைய வேண்டும். குறைந்தால் வேகம் கூடி அதிகமாக வெந்துவிடும். மிகுந்தால் சூடேறத் தாமதமாகும். உங்களுடையது சிறிய பாத்திரமானால் எல்லா அளவையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை

1. முந்தைய இரவு. காய்களை நறுக்கி ஒரு டப்பாவிலும், கோழியைத் தனியாக இன்னொரு டப்பாவிலும் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டையும் பீங்கான் பாத்திரத்திலேயே போட்டு உள்ளே வைத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். சில்லிட்ட பீங்கானைக் காலையில் சூட்டில் ஏற்றினால் விரிசல் விடக்கூடும். சூடேறவும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

கோழியைக் கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் தூள் போட்டு நாலு தண்ணீரில் அலசாத கறியை நம் வீட்டில் அடுப்பருகே விடமாட்டார்கள். அமெரிக்க வேளாண் துறையோ கழுவவே வேண்டாம் என்கிறது. குழாய்த் தண்ணீர் தெறிக்கும்போது கிருமியும் சேர்ந்து தொட்டியிலும் மேடையிலும் பரவும். வேகும் சூடே கிருமியைக் கொன்றுவிடும். பொட்டலக் கோழி சுத்தம் செய்யப்பட்டே வருகிறது. துடைக்கும் தாளால் ஒற்றி எடுத்தால் போதும். மனம் கேட்காவிட்டால், குழாயடியில் பிடிக்காமல் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் மெல்ல அலசிவிட்டு, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள்.

2. காலையில் பத்து நிமிடம். வாணலியில் வெண்ணெயை உருக்கி, கோழியைத் தோல் பக்கம் கீழே படும்படி வைத்து நான்கைந்து நிமிடம் சிவக்க விடுங்கள். எடுத்து வைத்துவிட்டு அதே நெய்யில் வெங்காயத்தை வதக்குங்கள். பிறகு ஒரு கப் ப்ராத்தை ஊற்றி, வாணலியின் அடியில் ஒட்டிய சிவந்த பொருக்கைச் சுரண்டுங்கள். தாளிக்காத குழம்பு எப்படி இருக்குமோ அப்படித்தான் இந்த வேலையைத் தவிர்த்த சூப்பும் இருக்கும். ஸ்லோ குக்கரால் எதையும் சிவக்கவைக்க முடியாது. அந்த ருசியை நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நேரமே இல்லாத நாளில் இதை விட்டுவிடலாம். சூப் சூப்பாகவே இருக்கும், நிறமும் ஆழமும் கொஞ்சம் குறையும்.

3. அடுக்குதல். கேரட்டும் செலரியும் கீழே, கோழி மேலே. கறியைவிடக் காய் சீக்கிரம் வேகும் என்ற நம் கணக்கு இங்கே செல்லாது. இந்த மெல்லிய சூட்டில் கேரட் வேகத்தான் அதிக நேரம் எடுக்கும். ஆகவே சூட்டுக்கு நெருக்கமாக, அடியிலும் ஓரத்திலும் அதற்கு இடம். பூண்டு, தைம், மிளகு, பே லீஃப் சேருங்கள். மிச்ச ப்ராத்தை அடுப்பில் வெதுவெதுப்பாக்கி, வாணலியில் சுரண்டியதோடு சேர்த்து ஊற்றுங்கள். சூடாக ஊற்றுவதால் அந்த ஆபத்தான இடைவெளியைப் பாத்திரம் சீக்கிரம் கடந்துவிடும். உப்பு இப்போது வேண்டாம்.

4. காத்திருத்தல். மூடுங்கள். லோவில் 6 முதல் 7 மணி நேரம்; ஹையில் 3 முதல் மூன்றரை மணி நேரம். வேலைக்குப் போகிறவர்கள் நேரம் குறித்துவைக்கும் வசதியுள்ள மாடலை வாங்கினால், ஏழு மணி நேரம் முடிந்ததும் தானாகவே வார்முக்கு மாறிக்கொள்ளும். மாலை வரும்வரை சூடாக இருக்கும். நீங்கள் இல்லாதபோது மின்சாரம் போய் வந்திருப்பது தெரிந்தால், பார்க்க நன்றாக வெந்ததுபோல் இருந்தாலும் அந்தச் சமையலைக் கொட்டிவிடுங்கள். எத்தனை நேரம் ஆறிக் கிடந்தது என்று பாத்திரம் சொல்லாது.

5. பிரித்தல். கோழியை எடுத்துத் தட்டில் வையுங்கள். இறைச்சி வெப்பமானி இருந்தால், எலும்பைத் தொடாமல் தொடையின் தடித்த பகுதியில் குத்திப் பாருங்கள். குறைந்தது 74 டிகிரி செல்சியஸ், அதாவது 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். இவ்வளவு நேரம் வெந்தது அதைத் தாண்டியே இருக்கும். தோலை எடுத்துவிடுங்கள், ஈரச் சூட்டில் கிடந்த தோல் ரப்பர்போல ஆகியிருக்கும், அதன் வேலை முடிந்துவிட்டது. இரண்டு முள்கரண்டியால் கறியைப் பிய்த்து, எலும்பையும் குருத்தையும் நீக்கி, கறியை மட்டும் சூப்பில் சேருங்கள். பே லீஃபைத் தேடி எடுத்து எறியுங்கள். சிறு எலும்புத் துணுக்கு அடியில் தங்கியிருக்கலாம். குழந்தைகளுக்கு ஊற்றும்முன் ஒருமுறை துழாவிப் பாருங்கள். மேலே மிதக்கும் நெய்யைக் கரண்டியால் வழித்தெடுங்கள், ஆனால் முழுவதையும் அல்ல. பொன் வட்டங்களாக நாலைந்து மிதந்தால்தான் அது கோழி சூப்.

6. முடித்தல். இப்போது உப்பு. கொஞ்சம் போட்டு, கலக்கி, ருசி பாருங்கள். பார்ஸ்லியைத் தூவுங்கள். கடைசியாக எலுமிச்சைச் சாறு. சூப்பில் புளிப்பு தெரியக் கூடாது. மணி நேரக் கணக்கில் வெந்து மந்தமான ருசி நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும்.

நூடுல்ஸுக்கு இரண்டு வழி

*தனியாக வேகவைப்பது.* நான் எப்போதும் செய்வது இதுதான். சாப்பிட உட்காருவதற்குப் பத்து நிமிடம் முன்பு, உப்புப் போட்ட கொதிநீரில் பொட்டலத்தில் சொல்லியிருப்பதைவிட ஒரு நிமிடம் குறைவாக வேகவைத்து வடியுங்கள். ஒட்டாமல் இருக்கத் துளி வெண்ணெய். கிண்ணத்தில் நூடுல்ஸைப் போட்டு, அதன்மேல் கொதிக்கும் சூப்பை ஊற்றுங்கள். அந்த ஒரு நிமிடக் குறையைச் சூப்பின் சூடு ஈடுகட்டும். சூப்பும் தெளிவாக இருக்கும், மீந்ததும் கெடாது.

*பாத்திரத்திலேயே போடுவது.* எல்லோரும் ஒரே வேளையில் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள் என்றால் மட்டும். ஹையில் வைத்து, நூடுல்ஸைப் போட்டு, இந்த ஒருமுறை மட்டும் கிளறி, மூடி, 15 முதல் 20 நிமிடம். மாவுச் சத்து சாற்றில் கலந்து சூப் சற்றுக் கெட்டியாகும். குழந்தைகளுக்கு இதுவே பிடிக்கும்.

சப்பாத்தி தேய்க்கத் தெரிந்தவர்கள் வீட்டு நூடுல்ஸுக்குப் பயப்பட வேண்டாம். ஒரு கப் மைதா, ஒரு முழு முட்டை, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு, சிட்டிகை உப்பு. மாவு சேராவிட்டால் ஒரு தேக்கரண்டி தண்ணீர். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக எட்டு நிமிடம் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். மெல்லிதாகத் தேய்த்து, மாவு தூவி, சுருட்டி, விரல் அகலத்துக்கும் குறைவாக நறுக்கி உதறிவிடுங்கள். கொதிநீரில் மூன்று நான்கு நிமிடத்தில் வெந்துவிடும்.

பிழையும் பரிகாரமும்

*சப்பென்று இருக்கிறது.* பெரும்பாலும் உப்புக் குறைவே காரணம். உப்புச் சரியாக இருந்தும் சப்பென்றால் இன்னும் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. அதற்கும் மசியாவிட்டால், மூடியைத் திறந்து ஹையில் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், கொஞ்சம் சுண்டும்.

*உப்புக் கரிக்கிறது.* வெந்நீர் சேர்ப்பதும், உப்பில்லாமல் வேகவைத்த நூடுல்ஸைக் கூட்டிப் போடுவதும்தான் வழி. உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டால் உப்பை உறிஞ்சும் என்பார்கள். அது தான் குடிக்கும் சாற்றோடு சேர்த்துத்தான் உப்பையும் எடுத்துக்கொள்ளும், மிச்சச் சாறு கரிப்பாகவே இருக்கும்.

*கேரட் வேகவில்லை.* துண்டு கனமாக இருந்திருக்கும், அல்லது மேலே கிடந்திருக்கும். கோழியை எடுத்துவிட்டு, காய்களை மட்டும் ஹையில் இன்னும் முக்கால் மணி நேரம் விடுங்கள்.

*நூடுல்ஸ் சூப்பைக் குடித்துவிட்டது.* சூடான ப்ராத்தோ வெந்நீரோ ஊற்றித் தளர்த்தி, உப்பைச் சரிபாருங்கள். என் முதல் நாள் சூப்பை அப்படித்தான் சாப்பிட முடிந்தது.

*காரம் இல்லாமல் இறங்கவில்லை.* முதல் தடவை அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள். இதை ரசமாக்கவோ சால்னாவாக்கவோ முயன்றால் இரண்டும் கெடும். பழகியபின் கிண்ணத்தில் மட்டும் மிளகைக் கூடுதலாகத் தட்டிப் போட்டுக்கொள்ளலாம். சூப்புக்கு அதன் ஊரிலேயே இன்னொரு முகம் உண்டு: யூத வீடுகளில் பார்ஸ்லியோடு சதகுப்பைக் கீரையையும் தூவுவார்கள், 'டில்' என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். பார்ஸ்னிப் என்ற வெள்ளைக் கேரட் போன்ற கிழங்கும் சேர்ப்பார்கள்; இலேசான இனிப்பு வரும்.

காய்ச்சலுக்கு நல்லதா?

ஜலதோஷம் பிடித்தவருக்குக் கோழி சூப் கொடுக்கும் வழக்கம் பழையது. 12ஆம் நூற்றாண்டு யூத மருத்துவரும் அறிஞருமான மைமோனிடிஸ் தம் மருத்துவ நூல்களில் அதைப் பரிந்துரைத்திருக்கிறார். 'யூதப் பெனிசிலின்' என்று அமெரிக்காவில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ரென்னார்ட் என்ற நுரையீரல் மருத்துவர் இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, 2000ஆம் ஆண்டு 'செஸ்ட்' என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டது மனைவி வீட்டுச் செய்முறை. மனைவியின் பாட்டி லித்துவேனியாக்காரர். பானைக்கு யோசனை தந்த அதே நாடு. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் நகர்வதை அந்த சூப் ஓரளவு குறைத்தது. அவை திரளும்போதுதான் மூக்கடைப்பும் வீக்கமும் மிகுகின்றன. ஆனால் சோதனை நடந்தது ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்த அணுக்களில், சளி பிடித்த மனிதர்களிடம் அல்ல. எனவே இதை மருந்து என்று சொல்ல நான் துணியமாட்டேன். சூடான ஆவி, உடம்புக்கு வேண்டிய நீர், உப்பு, எளிதில் செரிக்கும் கறி இவை நான்கும் ஒரே கிண்ணத்தில் கிடைக்கின்றன என்று சொல்வேன். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் உப்பில்லாத ப்ராத் வாங்கிக்கொள்ளுங்கள்.

மீந்தால்

ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும் என்பது பழமொழி. சூப்பைச் சேமிக்கும் விஷயத்தில் மட்டும் ஆறவிட்டுப் பொறுக்காதீர்கள். பீங்கான் பாத்திரம் சூட்டை விடாது. இரவெல்லாம் மேடையிலேயே வைத்தால் அந்த ஆபத்தான இடைவெளியில் மணிக்கணக்கில் கிடக்கும். சாப்பிட்டு முடித்ததும் ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். நூடுல்ஸைத் தனி டப்பாவில் வையுங்கள். நூடுல்ஸ் இல்லாத சூப்பை ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம்வரை வைக்கலாம்.

மறுபடி சூடாக்க ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு அந்த வேகம் கிடையாது. அடுப்பிலோ மைக்ரோவேவிலோ நன்றாகக் கொதிக்கும்வரை சூடாக்குங்கள்.

மறுநாள் காலை டப்பாவைத் திறக்கும்போது சிலர் பதறிவிடுவார்கள். முந்தைய இரவு தண்ணீராக இருந்த சூப் கட்டியாக உறைந்து, டப்பாவை ஆட்டினால் கடற்பாசி அல்வாபோலக் குலுங்கும். கெட்டுப்போகவில்லை, கொட்டிவிடாதீர்கள். எலும்பிலிருந்தும் குருத்திலிருந்தும் ஏழு மணி நேரம் கரைந்து வந்த ஜெலட்டின் குளிரில் உறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அடுப்பில் வைத்த ஒரு நிமிடத்தில் இளகிவிடும். அது குலுங்கினால் நீங்கள் சரியான கறியை வாங்கி, மூடியைத் திறக்காமல் இருந்திருக்கிறீர்கள் என்று பொருள்.